ஸ்திரீ வேஷமும் ரசிகர் தீர்ப்பும்

ஆண் நடிகர் பெண் பாத்திரத்தை ஏற்று ஆடுவதற்குத் தஞ்சைப் பகுதியில் வழங்கும் பெயர் ஸ்திரீ வேஷம். நாடகக் கம்பெனிக்காரர்கள் அதையே ஸ்திரீபார்ட் என்றார்கள். ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று ஒரு குழுவுக்குள் பிரித்துக்கொண்ட பங்குகளில் அதுவும் ஒன்று. மற்றப் பங்குகளைப் பற்றி ரசிகர்கள் நன்று, சுமார் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். ஸ்திரீ வேஷம் என்று வந்தால் மட்டும் வழக்காடுவார்கள். அந்த வழக்கு காவிரிக் கரையில் எத்தனை விதமாக நடந்திருக்கிறது, எந்த அளவுகோலை வைத்து நடந்திருக்கிறது என்பதே இங்கே பொருள்.

வழக்கை விளங்கிக்கொள்ள நல்ல இடம் மெலட்டூர். பாபநாசம் வட்டத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே பாகவத மேளா நடக்கிறது. மேளா என்றதும் திருவிழாக் கூட்டம் நினைவுக்கு வரக்கூடும். இங்கே அந்தச் சொல்லுக்குக் குழு என்று பொருள். பாகவதர்களின் குழு ஆடும் நாடகம். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது ஊரின் மரபுச் செய்தி. மெலட்டூரோடு சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் ஆகிய ஊர்களும் இந்தக் கலைக்குப் பேர் பெற்றவை. தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, ருக்மாங்கதா, மார்க்கண்டேயா முதலிய நாடகங்களே இன்றுவரை மேடை ஏறுகின்றன. எல்லா வேடங்களும் ஆண்களுக்கே. உஷை, அவள் தோழி சித்ரலேகை, சந்திரமதி, ருக்மாங்கதனின் விரதத்தைக் குலைக்க வரும் மோகினி என எந்தப் பெண்ணையும் ஊர்க்காரர் ஒருவர்தான் ஆடுவார்.

இரவு தொடங்கினால் விடியும்வரை நாடகம். முதலில் கோணங்கி வந்து குதித்துவிட்டுப் போவான். பிறகு தோடய மங்களம். அதன்பின் யானைமுக முகமூடி அணிந்த ஒரு சிறுவன் கணபதியாக வந்து ஆடுவான். இந்த வரிசை வெறும் சடங்கு என்று தோன்றலாம். ஆனால் ஸ்திரீ வேஷத்துக்கு இது பெரிய உதவி. கூட்டத்திடம் இருக்கும் சிரிப்பைக் கோணங்கி முன்னதாகவே வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அதற்குப் பிறகு திரைக்குப் பின்னாலிருந்து புடவை கட்டிய ஆண் ஒருவர் வெளிப்படும்போது சிரிக்க ஆள் இருப்பதில்லை. ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய பிரவேச தரு என்னும் அறிமுகப் பாட்டோடு, இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னிருந்து வரும். அந்தத் தருவிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும் என்பதை ஸ்திரீ வேஷக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

பிரகலாத சரித்திரத்தில் வரும் லீலாவதிதான் மெலட்டூர் ஸ்திரீ வேஷங்களில் தலைமையானவள். பாகவத புராணத்தில் பிரகலாதனின் தாய்க்குக் கயாது என்று பெயர். இந்த நாடகத்தில் அவள் லீலாவதி. கதையின் பரபரப்பெல்லாம் இரணியனிடம் இருக்கிறது. பக்தியெல்லாம் பிரகலாதனிடம் இருக்கிறது. கடைசியில் தூணிலிருந்து வரும் நரசிம்மரின் முகமூடி கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அதை அணிபவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்தால் சுற்றி நின்று பலர் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவே லீலாவதிக்கு என்ன வேலை? கணவனை மறுத்துப் பேச முடியாது. மகனை விட்டுக்கொடுக்கவும் முடியாது. அவள் எதையும் தடுப்பதில்லை, எதையும் நடத்துவதுமில்லை. மகனுக்கு நஞ்சு கொடுக்கும்படி கட்டளை வரும்போது அவள் கையும் முகமும் என்ன செய்கின்றன என்பதுதான் பாத்திரம். அந்த ஒருத்தி சரியாக அமையாவிட்டால் இரணியன் வெறும் உறுமல், பிரகலாதன் வெறும் பாட்டு. மேளாவின் நடுக்கட்டையை ஸ்திரீ வேஷமே தாங்குகிறது என்று சொன்னால் மிகையல்ல.

மெலட்டூரின் எஸ். நடராஜன் லீலாவதியாகவும் சந்திரமதியாகவும் உஷையாகவும் ஆடிப் பெயர் பெற்றவர். அவரைப் போன்றவர்களைப் பற்றி ரசிகர்கள் பேசுவதைக் கவனித்தால் இரண்டு வகைப் பாராட்டு காதில் விழும். ஒன்று, ‘பொம்பளையே தோத்துப் போவா’ என்பது. இன்னொன்று, ‘லீலாவதி நன்னா அமைஞ்சது’ என்பது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்டாலும் வேறு வேறு தீர்ப்புகள். முதலாவது நடிகரின் உடலைப் பார்க்கிறது. இடை, நடை, சடை, கண் மை, ஒட்டியாணம், ராக்கொடி எல்லாம் பொருந்திவிட்டன, ஆளை அடையாளம் தெரியவில்லை என்கிறது. இரண்டாவது பாத்திரத்தைப் பார்க்கிறது. ஆளை நன்றாகத் தெரிகிறது. அடுத்த தெருக்காரர், பகலில் வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். இருந்தும் லீலாவதி வந்துவிட்டாள் என்கிறது.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாராட்டைச் சொல்வார்கள். ஊர்க்காரர்களால் அதைச் சொல்ல இயலாது. அவர்களுக்கு ஏமாற வழியில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உறவு உள்ளவர்கள் மேடையில் கணவன் மனைவியாக நிற்பதை அவர்கள் வருஷாவருஷம் பார்க்கிறார்கள். நாடகத்தின் மொழி தெலுங்கு. அதைச் சொல்லுக்குச் சொல் பின்தொடர்கிறவர்கள் கூட்டத்தில் குறைவு. ஆகவே பார்வையாளரின் கண் முகத்திலும் கையிலும் ஊன்றிவிடுகிறது. ஆணென்று தெரிந்துகொண்டே தாயைப் பார்ப்பதுதான் அங்கே ரசனை. மாயம் முழுமையாகிவிட்டால், அதாவது ஆள் மறைந்தே போய்விட்டால், அந்த இன்பத்தில் பாதி குறைந்துபோகும். நாட்டிய சாஸ்திரம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் தம் வயதுக்கேற்ப ஆடுவது ஒரு வகை. வயது மாறி ஆடுவது இன்னொரு வகை. பால் மாறி ஆடுவது மூன்றாவது வகை. மூன்றாவதற்கு ரூபானுசாரிணி என்று பெயர். அந்நூல் அதை நகைப்புக்குரியதாக ஒதுக்கவில்லை. ஓர் ஆடல்முறையாக எண்ணிப் பெயரிட்டு வைத்திருக்கிறது.

கூட்டத்தில் மிகக் கடினமான நீதிபதிகள் பெண்கள்தாம். பட்டுப்புடவையின் பளபளப்பு அவர்களை மயக்குவதில்லை. அழும்போது முந்தானையின் எந்த நுனி கண்ணுக்குப் போகிறது, குழந்தையை இழுத்து அணைக்கும்போது கை தோளைப் பிடிக்கிறதா தலையைத் தடவுகிறதா, கணவன் அதட்டும்போது பின்வாங்கும் காலடி எத்தனை என்று பார்ப்பார்கள். பெண்மையை மிகைப்படுத்தி இடுப்பை ஒடித்து நடக்கும் நடிகரை அவர்கள் மன்னிப்பதில்லை. ‘எந்த வீட்டுப் பொண்ணுடி இப்படி நடக்கறா?’ என்ற கேள்வி நியாயமானது. ஸ்திரீ வேஷத்தில் கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் குறைத்துச் செய்து கெடுவதில்லை, கூட்டிச் செய்துதான் கெடுகிறார்கள்.

இந்த வழக்குக்குக் காவிரிப் படுகையில் நாயக்கர் காலத்தைவிடப் பழைய வேர் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், புகார் நகரத்து இந்திர விழாவில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பேடி. வாணாசுரனின் நகரில் சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்பதற்காகக் காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடிய ஆடல் அது. அநிருத்தன் ஏன் சிறைப்பட்டான்? வாணனின் மகள் உஷையின் காதலால். மெலட்டூரில் உஷா பரிணயமாக ஆடப்படும் கதையும் இதுவே. புகாரில் ஒரு பெண், பெண்கோலம் பூண்ட ஓர் ஆண் தெய்வமாக ஆடினாள். மெலட்டூரில் ஓர் ஆண், அதே கதையின் நாயகியாக ஆடுகிறார். இடையில் பல நூற்றாண்டு இருக்கிறது; ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக வந்தது என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. ஆனால் ஆற்றின் முகத்துவாரத்திலும் மேல்கரையிலும் ஒரே கதையைச் சுற்றி வேடம் இருபுறமும் புரண்டிருக்கிறது என்பது நினைவில் வைக்கத் தக்கது. அதே பதினோர் ஆடல்களில் கடையம் என்பது இந்திராணி உழத்திக் கோலத்தில் வாணன் நகர வாயிலுக்கு வெளியே வயலில் நின்று ஆடியது. தேவலோகத்து அரசி நெல்வயல் பெண்ணாக வேடம் மாறுவதும் இந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு அந்நியமான கற்பனை அல்ல.

அரசவை வழக்கம் வேறாக இருந்தது. தஞ்சை நாயக்கர் விஜயராகவரின் அவையில் யட்சகான நாடகங்களைப் பெண்கள் ஆடினார்கள். அவர் காலத்து ரங்காஜம்மா நாடகம் எழுதவும் செய்தார். அவையில் பெண்கள், அக்கிரகாரத்தில் ஆண்கள் என்ற பிரிவு கலை இலக்கணத்திலிருந்து பிறந்ததில்லை. யார் வீட்டுப் பெண் பலர் முன்னே ஆடலாம், யார் வீட்டுப் பெண் ஆடக்கூடாது என்ற சாதி ஒழுங்கிலிருந்து பிறந்தது. ஸ்திரீ வேஷத்தைப் போற்றும் ரசிகர்கள் இதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வழக்கு கோயில் வாசலை விட்டுக் கொட்டகைக்கு வந்தது. டிக்கெட் வாங்கிய ரசிகன் கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்து நடத்திய நாடகங்களும், அவற்றைத் தொடர்ந்து பெருகிய பாய்ஸ் கம்பெனிகளும் ஸ்திரீபார்ட்டை முழுக்கச் சிறுவர் குரலின்மீது கட்டின. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைவரை கேட்கும் எட்டுக்கட்டைக் குரல் வேண்டும். பெண் வேடத்துக்கு அழகான முகம் இரண்டாம் பட்சம், குரல்தான் முதல். அந்தக் குரலுக்கு ஓர் எமன் இருந்தான். பையனுக்குப் பதிமூன்று பதினான்கு வயதில் தொண்டை உடையும். அதைக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை சீதையாகவும் வள்ளியாகவும் கைதட்டல் வாங்கியவன், மகரக்கட்டு வந்த வாரத்திலிருந்து சேவகனாக ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிலருக்கு நல்ல குரல் திரும்ப வரும், பலருக்கு வருவதில்லை. ஊருக்கு ஊர் கம்பெனி போய்க்கொண்டிருந்ததால் இதை ரசிகர்கள் அறிந்ததே இல்லை. அடுத்த முறை கொட்டகை போடும்போது வேறொரு பையன் அதே வள்ளியாக வருவான். ‘போன தடவை வந்தவ இன்னும் நல்லா பாடினா’ என்று சொல்லும் ரசிகர், அந்த ‘அவள்’ மேடையின் ஓரத்தில் தாடி ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்க மாட்டார்.

தொழில்முறைக் கம்பெனிகளோடு படித்தவர்களின் சபைகளும் இருந்தன. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். அங்கே பெண் வேடங்களில் புகழ் பெற்றவர் சி. ரங்கவடிவேலு, பம்மலின் கதாநாயகர்களுக்கு எதிரே நின்ற கதாநாயகி அவர். பகலில் வழக்கறிஞர், மாலையில் நாயகி என்ற நிலை அன்று யாருக்கும் இழுக்காகத் தோன்றவில்லை. பெண் ஒருத்தி மேடை ஏறினால் இழுக்கு. ஆண் பெண்ணாக ஏறினால் பெருமை. அந்தத் தராசு சமமானது அல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சூரக்கோட்டையைப் பூர்விகமாகக் கொண்ட சிவாஜி கணேசன் (பிறந்தது 1928இல், விழுப்புரத்தில்) சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து முதலில் ஏற்றது சீதை வேடம். வாலிபனான பிறகும் நூர்ஜஹானாக மேடையில் நின்றார். அந்த வேடத்தில் அவரைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் 1952இல் வந்த ‘பராசக்தி’க்கு நாயகனாகத் தேர்ந்தார் என்பது திரைவரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. சிவாஜியின் நடிப்பு மிகை என்று குறை சொல்லும் ரசிகர்கள் உண்டு. அந்தக் கண்ணசைவு, புருவம், கழுத்தின் திருப்பம் எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவை என்று அவர்கள் யோசித்தால் தீர்ப்பு கொஞ்சம் மாறக்கூடும். ஸ்திரீபார்ட் ஆடியவனுக்கு உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் புராணப் படங்களை இயக்கிய ஏ.பி. நாகராஜனும் இளமையில் ஸ்திரீபார்ட் ஆடியவர்தான்.

இந்த வரலாற்றில் டி.கே. சண்முகம் ஒரு விதிவிலக்கு. 1912இல் பிறந்த அவர் ஔவையார் நாடகத்தில் ஔவையாகவே ஆடியபோது மகரக்கட்டெல்லாம் கடந்த முழு ஆண்மகன். மற்ற ஸ்திரீபார்ட்டுகள் இளமையையும் அழகையும் நம்பி நின்றன. இவர் எடுத்துக்கொண்டதோ கூன் விழுந்த கிழவி. அழகு என்ற அளவுகோல் அங்கே செல்லாது. ஆகவே ரசிகர்கள் வேறு வழியில்லாமல் நடிப்பைப் பார்த்தார்கள். அந்த வேடமே அவர் பெயரோடு ஒட்டி அவரை ஔவை சண்முகம் ஆக்கியது. ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் (1953) கே.பி. சுந்தராம்பாள் ஔவையாக வந்தபிறகு, எந்த ஔவை உயர்த்தி என்ற வாதம் ஒரு தலைமுறைக்கு ஓடியது. பாட்டில் ஒருவர், பேச்சில் ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொண்டவர்கள் புத்திசாலிகள். சண்முகத்தின் குழுவில் சிறுவயதில் பயின்ற கமல்ஹாசன் 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்று தன் படத்துக்குப் பெயர் வைத்தது ஆசிரியருக்குச் செய்த வணக்கம். ஆனால் அங்கே ரசிகன் சிரிக்க அனுமதி உண்டு. வேடம் கலைந்துவிடுமோ என்ற பதற்றத்தில்தான் அந்தச் சிரிப்பு பிறக்கிறது. லீலாவதிக்கு அந்தப் பதற்றம் இல்லை. அவள் வேடம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் கலைவதற்கு எதுவும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஆட்டம் நடந்தது. கும்பகோணத்து பாலாமணியின் நாடகக் கம்பெனி பெண்களால் ஆனது. ஆண் வேடங்களையும் அவர்களே போட்டார்கள். அவர் நாடகத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்களைக் கொண்டுவந்த ரயிலுக்கே பாலாமணி ஸ்பெஷல் என்று பேர் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். சினிமாவில் 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. ஆதனூர்ப் பண்ணையாளான நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. நிலக்கிழாரான வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த எழுத்தாளர் கல்கி அந்தப் படத்துக்கு எழுதிய விமரிசனம் புகழ்பெற்றது: படத்தில் வந்த மரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் கிடைத்த பாராட்டு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்து ஜெமினியின் ‘நந்தனார்’ 1942இல் வந்தபோது தண்டபாணி தேசிகர் அந்த வேடத்தை ஏற்றார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’யில் நாரதராக வந்திருந்தார். பெண் ஆணாக நடித்தபோது ரசிகர்கள் பொதுவாகப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வேடத்தை விட்டுவிட்டார்கள். ஆண் பெண்ணாக நடித்தபோதோ வேடத்தையே உற்றுப் பார்த்தார்கள். பெண்ணின் உடலைப் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம், பெண் இல்லாத மேடையிலும் விடவில்லை என்று இதைப் படிக்கலாம்.

ஜப்பானில் இதே வழக்கு வேறு பாதையில் போயிருக்கிறது. கபுகி நாடகத்தைத் தொடங்கிவைத்தவள் ஒகுனி என்ற பெண். 1629இல் பெண்கள் மேடை ஏறத் தடை வந்தது. பிறகு ஆண்களே பெண் வேடம் போட, அந்த நடிகருக்கு ஒன்னகாதா என்று பேர் ஏற்பட்டது. 1862இல் மொகுவாமி எழுதிய நாடகம் ஒன்றில் ஐந்து திருடர்கள். அவர்களில் ஒருவன் பெண்வேடத்தில் கடைக்குப் போய் மிரட்டிப் பணம் பறிக்கப் பார்ப்பான். பிடிபட்டதும் அங்கேயே வேடத்தைக் கலைத்துவிட்டுத் தன் பெயரைப் பெருமையாகச் சொல்வான். ரசிகர்கள் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான். எதிர்ப்பக்கத்தில், தகராசுகா என்ற ஊரின் நாடகக் குழுவில் 1914 முதல் பெண்களே எல்லா வேடமும் ஆடுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தெசுகா ஒசாமு, இளவரசனாக வேடமிட்ட இளவரசியின் படக்கதையை 1953இல் தொடங்கினார். இகெதா ரியோகோ 1972இல் தொடங்கிய வெர்சாய் ரோஜாக்களின் கதையில் ஆண் உடையணிந்த படைத்தளபதி ஆஸ்கார் வருகிறாள். இரண்டே ஆண்டில் தகராசுகா அதை மேடை ஏற்றியது. இன்றைய அனிமே தொடர்களில் ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்குள் வேடம் மாறிய ஒருவர் இருப்பதும், அவர் சிரிப்புக்காகவா, கதைக்காகவா, அவருடைய மெய்யான இயல்பா என்று ரசிகர்கள் மோதிக்கொள்வதும் இந்த மரபின் தொடர்ச்சிதான். மெலட்டூர் ரசிகருக்கு அந்த வாதம் புதிதாக இராது. கூட்டத்திலிருந்து அந்த ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று அவர் கேட்பார். கதை அப்படியே நிற்குமானால் அது வெறும் அலங்காரம் என்பார்.

மெலட்டூர் மேடையில் பெண்கள் ஏன் லீலாவதி ஆகக்கூடாது என்ற கேள்வி புதியதல்ல. கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி பாகவத மேளா நாடகங்களைக் கற்று, உஷா பரிணயம் போன்றவற்றைத் தம் மேடைக்குக் கொண்டுவந்தபோது பெண் பாத்திரங்களைப் பெண்களே ஆடினார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெண் ஆடினால் நாட்டியம் மெருகேறுகிறது என்றது ஒரு கட்சி. பெண் ஆடினால் அது பரதநாட்டியம் ஆகிவிடுகிறது, பாகவத மேளா ஆவதில்லை என்றது மற்றொரு கட்சி. இரண்டாம் கட்சியின் வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆணின் உடல் பெண்ணாக மாறுவதற்காகத் தேடிக் கண்டெடுத்த அளவான அசைவுகளே அந்த ஆடலின் தனித்தன்மை. ஆனால் அதே வாதம், விலக்கி வைத்ததற்குச் சாக்காகவும் பயன்படுகிறது. மேடையை அடைத்துவிட்டு, உள்ளே வளர்ந்த அழகைக் காட்டி அடைப்பை நியாயப்படுத்துவது சரியாகாது. அழகு மெய், அடைப்பும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான ரசனை.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்து வைப்பது நல்லது. ஸ்திரீ வேஷம் விடிந்ததும் கலைக்கப்படுவது. திருநங்கையர் வாழ்க்கை வேடம் அல்ல. மதுரையைச் சேர்ந்த திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் தஞ்சாவூருக்கு வந்து, தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டு குருகுலமாகப் பயின்றார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் நாயகி பாவத்தில் ஆடும்போது, பெண் வேடம் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடுவது தவறான அளவுகோல். அங்கே ஒரு பெண் ஆடுகிறார். பதமும் பாவமும் எப்படி அமைந்தன என்பது மட்டுமே கேள்வி. ஒரே மாவட்டத்து ரசிகர் ஒரு மாலை இவரையும் மற்றொரு இரவு மெலட்டூர் லீலாவதியையும் பார்க்க நேரலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் இருவருக்கும் அநியாயம்.

மெலட்டூரில் ஸ்திரீ வேஷத்துக்குத் தனிப் பள்ளிக்கூடம் இல்லை. பரம்பரையாக வரும் குடும்பங்களில் பிள்ளைகள் கணபதியாகவும் பிரகலாதனாகவும் சிறுவயதில் மேடை ஏறுகிறார்கள். வேலைக்காக வெளியூர் போனவர்களும் ஜயந்திக்கு ஊர் திரும்பி வேடம் கட்டுகிறார்கள். பிரகலாதனாக வரும் சிறுவன் லீலாவதியின் மடியில் அழுத்தமாகச் சாய்ந்துகொள்ள வேண்டும். அணைக்கும் கையின் எடை, முந்தானையை இழுக்கும் வேகம், அழுகையை அடக்கும்போது விலா எழுந்து தாழும் விதம் எல்லாம் அவனுக்கு அங்கே, ஒத்திகையிலும் மேடையிலும், உடம்பின் வழியே தெரிந்துவிடும். குரல் உடைந்து, மீசை முளைத்து, அதை மழித்துவிட்டு ஒருநாள் அவனே திரைக்குப் பின்னால் லீலாவதியாக நிற்க நேர்ந்தால், முன்வரிசையில் இருக்கும் கிழவிகள் அவனை எந்தப் பெண்ணோடும் ஒப்பிட மாட்டார்கள். அவனை மடியில் வைத்திருந்த பழைய லீலாவதியோடுதான் ஒப்பிடுவார்கள்.